பாப்-அப் எங்க இருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க, அப்புறம் கை வைங்க

கோத்தகிரில ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன்னு கடை வெச்சிருக்கறதால, ஸ்கிரீன்ல தானா வந்து நிக்கற பாப்-அப் தொல்லைன்னு போனையும் லேப்டாப்பையும் தூக்கிட்டு வர்றவங்க நிறைய. முக்காவாசி பேர் வர்றப்பவே "வைரஸ் ஏறிடுச்சு தம்பி, ஃபார்மட் போட்டுக் குடுத்துரு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. வேணாங்க. ஃபார்மட் போட்டா போட்டோ போகும், பட்டா ஸ்கேன் பண்ணி வெச்சது போகும், பாஸ்வேர்டு எல்லாம் மறுபடி தேடணும், ஆடி மழைல இங்க இருக்கற நெட்டுக்கு விண்டோஸ் அப்டேட் எறங்கறதுக்குள்ள பொழுது போயிரும், இவ்ளோ பண்ணிட்டு அதே கூகுள் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா சில கேஸ்ல அதே பாப்-அப் திரும்பி வந்து நிக்கும். ஏன்னு கடைசில சொல்றேன்.

நான் மொதல்ல கேக்கறது மூணு விஷயம். ப்ரவுசர் (குரோம், பயர்பாக்ஸ் மாதிரி நெட் பாக்கற ஆப்) மூடியிருக்கறப்பவும் வருதா? ஒரு சைட்ல மட்டும் வருதா, எந்த சைட்டுக்குப் போனாலும் வருதா? வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால பாத்தாலும் வருதா? இதுக்கு பதில் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. கீழ உங்களோடது எதுன்னு பாத்து நேரா அங்க போயிருங்க, எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல. ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் பொது: பாப்-அப் போகணும்னு கிளீனர், பூஸ்டர்னு புதுசா எந்த ஆப்பையும் எறக்காதீங்க. விளம்பரம் கொட்டற ஆப்ல பாதி அந்தப் பேர்லதான் உள்ள வருது.

ப்ரவுசரையே தொறக்கல, ஆனா மெசேஜ் வந்து விழுந்துட்டே இருக்கு

அதிகமா வர்றது இதுதான். போன்ல மேல இருந்து எறங்கும், கம்ப்யூட்டர்ல வலது பக்கம் கீழ் மூலைல வந்து நிக்கும். "உங்க போன்ல வைரஸ்", "உங்க பார்சல் நிக்குது", "லோன் அப்ரூவ் ஆயிடுச்சு", இல்லேன்னா பாக்கவே கூசற மாதிரி ஒரு படம். இது வைரஸ் கிடையாதுங்க. எப்பவோ ஒரு சைட்ல "அலோ"ன்னு அமுக்கியிருக்கோம், அந்த சைட் அந்த அனுமதிய வெச்சுட்டு நாள் முழுக்க அனுப்புது, அவ்வளவுதான்.

எப்படி அமுக்கறோம்னு பாருங்க. பச்சைத் தேயிலை இன்னைக்கு கிலோ என்ன ரேட்டுன்னு தேடறோம், குன்னூர் ஏலத்துல என்ன போச்சுன்னு தேடறோம், பசங்க எக்ஸாம் ரிசல்ட் தேடறாங்க, கேள்விப்பட்டே இருக்காத ஏதோ ஒரு சைட் தொறக்குது, தொறந்ததும் நடுவுல ஒரு சுத்தற வட்டம், "நீங்க ரோபோ இல்லன்னு காட்ட அலோ அமுக்கவும்"னு வரும். நாமளும் ரேட்டு தெரிஞ்சா போதும்னு அமுக்கிருவோம். உண்மையான ரோபோ செக்கு எதுவும் அலோ அமுக்கச் சொல்லவே சொல்லாது, கட்டத்துல டிக் போடச் சொல்லும், இல்ல பஸ் இருக்கற படத்த எடுக்கச் சொல்லும். அலோன்னு கேட்டாலே அது நோட்டிபிகேஷனுக்கு அனுமதி கேக்குதுன்னு அர்த்தம்.

எடுக்கறது ரொம்ப ஈஸி. அந்த மெசேஜ் வந்து நிக்கறப்ப அத தள்ளி விடாதீங்க, உள்ள போய் தொடவும் வேணாம், விரல வெச்சு அப்படியே அமுக்கிப் புடிங்க. குரோம் படத்துக்குப் பக்கத்துல சின்ன எழுத்துல அந்த சைட்டோட பேர் இருக்கும், கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க, அதான் ஆளு. அங்கயே ஆஃப் பண்ற பட்டன் வரும், சில போன்ல அன்சப்ஸ்கிரைப்னு நேராவே வரும். ஒண்ணு இருந்தா இன்னும் நாலு இருக்கும், அதனால குரோமுக்குள்ளயும் போங்க: மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அலோடுன்னு ஒரு லிஸ்ட் இருக்கும். அதுல உங்களுக்குத் தெரியாத பேரெல்லாம் ஒவ்வொண்ணா தொட்டு பிளாக் பண்ணுங்க. கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ்னு போகணும். பயர்பாக்ஸ்ல ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள்ள கீழ பெர்மிஷன்ஸ்னு இருக்கும், அதுல நோட்டிபிகேஷன்ஸ் பக்கத்துல இருக்கற செட்டிங்ஸ அமுக்கினா லிஸ்ட் வரும்.

வீட்ல அம்மா அப்பா போனா இருந்தா நான் சொல்றது என்னன்னா அந்தப் பக்கத்துலயே மேல இருக்கற நோட்டிபிகேஷன் ஸ்விட்ச மொத்தமா ஆஃப் பண்ணிருங்க. அப்புறம் எந்த சைட்டும் கேக்கவே கேக்காது. "அப்ப வாட்ஸ்அப் வராதா தம்பி"ன்னு கேப்பாங்க, வரும்க்கா, வாட்ஸ்அப் தனி ஆப், பேங்க் எஸ்எம்எஸ்ஸும் வரும், இது சைட்டுங்களுக்கு மட்டும்தான்.

ஸ்கிரீன் முழுக்க எச்சரிக்கை, சத்தம் போடுது, மூட முடியல, ஒரு நம்பர் காட்டுது

இங்க கொஞ்சம் நின்னு படிங்க, காசு போறது இங்கதான்.

ஹோம்ஸ்டே நடத்தற ஒரு அக்கா. சீசன் நேரம், ரிசப்ஷன்ல கெஸ்ட் பேகோட நிக்கறாங்க, ரூம் புக்கிங் பாக்க லேப்டாப்ப தொறந்து ஏதோ ஒரு லிங்க அமுக்கியிருக்காங்க, உடனே ஸ்கிரீன் முழுக்க நீலமும் செவப்பும், சைரன் சத்தம், ஒரு பொம்பளக் குரல் இங்கிலீஷ்ல "கம்ப்யூட்டர ஆஃப் பண்ணாதீங்க"ன்னு திரும்பத் திரும்ப சொல்லுது, நடுவுல மைக்ரோசாப்ட் பேர் போட்டு ஒரு போன் நம்பர். மவுஸ் அம்பு காணோம். வந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, அக்காவுக்கு கை நடுங்குது. எனக்கு போன் அடிச்சு "தம்பி, அந்த நம்பருக்கு கூப்பிடட்டுமா, ஆஃப் பண்ணா எல்லாம் அழிஞ்சுரும்ங்கறான்"னாங்க. கூப்பிடாதீங்கக்கா, எஸ்கேப் கீய அமுக்கி அப்படியே புடிச்சுக்குங்கன்னு சொன்னேன். ஒரு தடவ தட்டினா போகாது, புடிச்சே இருக்கணும், ஃபுல் ஸ்கிரீன் ஒடைஞ்சு மேல டேப் எல்லாம் தெரிஞ்சுது, மூடினாங்க, சத்தம் நின்னுது. லேப்டாப்ல ஒண்ணுமே ஆகல.

ஏன்னா அது வெறும் ஒரு வெப் பேஜுங்க. ஃபுல் ஸ்கிரீன் ஆக்கி, மவுஸ் அம்ப மறைச்சு, ஆடியோ ஓட விட்டிருக்கான், அதுக்கு மேல அந்தப் பக்கத்தால உங்க கம்ப்யூட்டர்ல கை வைக்க முடியாது. நீங்க அந்த நம்பருக்கு கூப்பிட்டாதான் கதையே ஆரம்பிக்குது. மைக்ரோசாப்டோட நிஜமான எச்சரிக்கைல போன் நம்பரே இருக்காது, இத அவங்களே சொல்லியிருக்காங்க.

எஸ்கேப் புடிச்சும் போகலன்னா ஆல்ட்டும் எஃப்4ம் சேத்து அமுக்குங்க. அதுக்கும் அசையலன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல குரோமையோ எட்ஜையோ எடுத்து எண்ட் டாஸ்க். திரும்ப தொறக்கறப்ப "பழைய பக்கங்கள ரீஸ்டோர் பண்ணட்டுமா"ன்னு கேக்கும், வேண்டாம்னு இன்ட்டு மார்க்க அமுக்குங்க, இல்லேன்னா அதே சைரன் மறுபடி ஊதும். சில பேர் விட்ட எடத்துல இருந்தே தொறக்கற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பாங்க, அவங்க வைஃபைய ஆஃப் பண்ணிட்டு தொறந்து அந்த டேப மூடிட்டு அப்புறம் நெட்ட போடுங்க. போன்ல இதே மாதிரி மாட்டிக்கிச்சுன்னா செட்டிங்ஸ்ல ஆப்ஸ், குரோம், ஃபோர்ஸ் ஸ்டாப், ஏரோபிளேன் மோட் போட்டுட்டு குரோம் தொறந்து அந்த டேப மூடுங்க.

ஏற்கனவே கூப்பிட்டாச்சுன்னா? எனிடெஸ்க் மாதிரி தூரத்துல இருந்து ஸ்கிரீன் பாக்கற ஆப் ஏதாச்சும் போடச் சொல்லி போட்டிருந்தீங்கன்னா மொதல்ல நெட்ட கட் பண்ணுங்க, அந்த ஆப்ப எடுங்க, வேற ஒரு போன்ல இருந்து பேங்குக்கு சொல்லி கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்துங்க, பாஸ்வேர்டையும் வேற மெஷின்ல இருந்து மாத்துங்க. காசு போயிருந்தா அந்த நிமிஷமே 1930க்கு அடிங்க, சைபர் கிரைம் ஹெல்ப்லைன், எவ்ளோ சீக்கிரம் சொல்றோமோ அந்தளவுக்கு அந்தப் பணத்த நடுவுல நிறுத்த வாய்ப்பு இருக்கு. நாளைக்கு ஊட்டி போறப்ப ஸ்டேஷன்ல சொல்லிக்கலாம்னு விட்றாதீங்க. வெக்கப்பட்டுட்டு வீட்ல மறைக்கறவங்கதான் அதிகம் இழக்கறாங்க, ஏமாத்தினவன் பண்ணது தப்பு, உங்களோடது இல்ல.

இதுலயே இன்னொரு வகை இப்ப சுத்துது, 2024ல இருந்தே நிறைய பாக்கறோம். "நீங்க மனுஷன்தான்னு உறுதி பண்ண விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேத்து அமுக்குங்க, அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர்"னு மூணு ஸ்டெப்பா அழகா போட்டிருப்பான். இது முன்ன சொன்ன மாதிரி வெறும் மிரட்டல் இல்ல. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமயே ஒரு கமாண்ட காப்பி பண்ணி வெச்சிருக்கும், விண்டோஸ் கீயும் ஆரும் அமுக்கினா தொறக்கற ரன் பாக்ஸ்ல நீங்களே அத பேஸ்ட் பண்ணி ஓட விடறீங்க, பாஸ்வேர்டு திருடற ப்ரோக்ராம் உள்ள எறங்கிரும். எந்த சைட்டும் உங்கள விண்டோஸ் கீ அமுக்கச் சொல்லாது. சொன்னா மூடிருங்க. ஏற்கனவே பண்ணிட்டீங்கன்னா நெட்ட புடுங்கிட்டு, வேற போன்ல இருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகள மாத்திட்டு, கடைசில நான் சொல்ற ஆஃப்லைன் ஸ்கேன் கண்டிப்பா ஓட்டுங்க.

எங்க தொட்டாலும் புது டேப் தொறக்குது

ஒரு சைட்ல மட்டும்னா அது அந்த சைட்டோட பொழப்பு. சினிமா, சீரியல், பாட்டு ஃப்ரீயா எறக்கற சைட், டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் பிடிஎஃப்னு சொல்லி நாலு டவுன்லோட் பட்டன் காட்டற சைட், இதுலெல்லாம் பக்கம் முழுக்க கண்ணுக்குத் தெரியாத விளம்பரத்த விரிச்சு வெச்சிருப்பான். உங்க மெஷின்ல எதையும் தேட வேணாம், அந்த சைட்ட விட்ருங்க. விட முடியாதுன்னா விளம்பரத் தடுப்பு ஒண்ணு போட்டுக்குங்க, குரோம்ல யூபிளாக் ஆரிஜின் லைட், பயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின். இதெல்லாம் எக்ஸ்டென்ஷன், அதாவது ப்ரவுசருக்குள்ள சேத்துக்கற குட்டி ப்ரோக்ராம். போன்ல குரோமுக்கு எக்ஸ்டென்ஷன் போட வழியே இல்ல, ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸ்ல போடலாம், அதனால இந்தத் தொல்லைக்காகவே நான் நிறைய பேருக்கு போன்ல பயர்பாக்ஸ் போட்டுக் குடுக்கறேன்.

கம்ப்யூட்டர்ல எல்லா சைட்லயும், பேங்க் சைட், நியூஸ் பேப்பர் சைட்லகூட வருதுன்னா அது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் வேலை. மூணு புள்ளி, எக்ஸ்டென்ஷன்ஸ், மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ். எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, பாப்-அப் நிக்குதான்னு பாருங்க, நின்னா ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாருங்க, எத ஆன் பண்றப்ப திரும்ப வருதோ அதான், ரிமூவ் பண்ணிருங்க. "இது நான் ரொம்ப வருஷமா வெச்சிருக்கேன், நல்ல எக்ஸ்டென்ஷன்"னு நம்பி விட்டுறாதீங்க. தி கிரேட் சஸ்பெண்டர்னு ஒண்ணு இருந்துச்சு, லட்சக்கணக்கான பேர் வெச்சிருந்தாங்க, 2020ல அத எழுதினவர் வேற ஆளுக்கு வித்துட்டாரு, 2021 பிப்ரவரில கூகுளே அதுல மால்வேர் (கெடுதல் பண்ற ப்ரோக்ராம்) இருக்குன்னு தூக்கிருச்சு. கூப்பன், பிடிஎஃப் கன்வெர்ட்டர், வீடியோ டவுன்லோடர், இந்த மூணு வகைய நான் மொதல்ல சந்தேகப்படுவேன்.

தேடினா வேற ஏதோ சர்ச் வருது, ஹோம் பேஜ் மாறிருச்சு

இதுவும் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான், மேல சொன்னத பண்ணிட்டு செட்டிங்ஸ்ல சர்ச் எஞ்சின், ஆன் ஸ்டார்ட்அப் ரெண்டையும் பழையபடி மாத்துங்க. மாத்தியும் டெஸ்க்டாப்ல குரோம தொறந்தா மட்டும் அந்தப் பக்கம் வருதுன்னா ஐகான் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டார்கெட்னு ஒரு கட்டம் இருக்கும், அதோட கடைசில ஏதாச்சும் வெப் அட்ரஸ் ஒட்டிட்டு இருந்தா அத மட்டும் அழிச்சிருங்க.

போன்ல எந்த ஆப்ல இருந்தாலும் ஃபுல் ஸ்கிரீன் விளம்பரம்

பேசி முடிச்சு கட் பண்ணா விளம்பரம், சார்ஜ் போட்டா விளம்பரம், ஸ்கிரீன் தொறந்தா விளம்பரம். குரோம்ல என்ன பண்ணாலும் போகாது, ஏன்னா இது குரோமே இல்ல, ஏதோ ஒரு ஆப். டார்ச், கியூஆர் ஸ்கேனர், போட்டோ எடிட்டர், கீபோர்டு தீம், கிளீனர், இந்த மாதிரி.

எந்த ஆப்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. விளம்பரம் வந்து நிக்கறப்ப மூடாதீங்க, கீழ இருக்கற சதுர பட்டன அமுக்குங்க, பட்டன் இல்லாத போன்ல கீழ இருந்து மேல இழுத்துப் புடிங்க. ஓடிட்டு இருக்கற ஆப் எல்லாம் வரிசையா தெரியும், அந்த விளம்பரத்துக்கு மேல எந்த ஐகான் இருக்கோ அதான் திருடன். பேரே இல்லாம வெள்ளையா ஒரு ஐகான் இருந்தா சந்தேகமே வேணாம். அப்புறம் செட்டிங்ஸ்ல ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதுல டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்னு இருக்கும், மத்த ஆப் மேல வந்து நிக்க யார் யாருக்கு அனுமதி இருக்குன்னு அங்க தெரியும். ஒரு டார்ச் ஆப்புக்கு அந்த அனுமதி எதுக்குங்க?

அன்இன்ஸ்டால் பண்ண விட மாட்டேங்குதுன்னா டிவைஸ் அட்மின் ஆப்ஸ்னு தேடி அதுல டிக்க எடுத்துட்டு பண்ணுங்க. விளம்பரம் வந்து வந்து வேலையே செய்ய விடலன்னா பவர் பட்டன அமுக்கி, ஸ்கிரீன்ல வர்ற பவர் ஆஃப விரல் வெச்சு புடிச்சே இருந்தா பெரும்பாலான போன்ல சேஃப் மோட் கேக்கும், அதுல நாம எறக்கின ஆப் எதுவும் ஓடாது, நிதானமா எடுக்கலாம். எடுத்து முடிச்சு ப்ளே ஸ்டோர்ல உங்க படத்த தொட்டு ப்ளே புரொடெக்ட்ல ஒரு ஸ்கேன்.

லாக் ஸ்கிரீன்ல மட்டும் நியூஸ், படம்னு மாறி மாறி வருதுன்னா அது வைரஸ் இல்ல, சில கம்பெனி போனோடயே அப்படித்தான் வரும், லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸ்ல வால்பேப்பர் மாத்தற ஆப்ஷன ஆஃப் பண்ணா போயிரும்.

வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைலப் பத்தி, அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப் போடற ஃபைலப் பத்தி தனியா சொல்லணும். பிஎம் கிசான்னு பேர் போட்டு, ஆர்டிஓ ஃபைன்னு பேர் போட்டு, கல்யாணப் பத்திரிகைன்னுகூட அனுப்பறாங்க, தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வரும் ஏன்னா அவங்க போன் ஏற்கனவே மாட்டியிருக்கும். இது விளம்பரத்தோட நிக்காது, எஸ்எம்எஸ்ஸ படிச்சு ஓடிபிய எடுத்துரும். தோட்டக்காரங்க நிறைய பேர் பிஎம் கிசான் தவணைக்கு காத்துட்டு இருக்கறவங்க, பேரப் பாத்ததும் கை தானா போகும். பத்திரிகை ஏபிகேவா வராதுங்க, போட்டோவாவோ பிடிஎஃப்பாவோதான் வரும். போட்டுட்டீங்கன்னா ஏரோபிளேன் மோட், ஆப்ப எடுக்கணும், வேற போன்ல இருந்து பேங்குக்கும் 1930க்கும். அப்புறம் செட்டிங்ஸ்ல இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்னு தேடி வாட்ஸ்அப், குரோம் ரெண்டுக்கும் அந்த அனுமதிய ஆஃப் பண்ணி வைங்க.

வீட்ல எல்லா போன்லயும், டிவிலயும் வருது

எல்லாத்துலயும் ஒரே நேரத்துல வந்தா வைஃபை ரவுட்டர சந்தேகப்படணும். மொபைல் டேட்டால நின்னு போய், வைஃபைல மட்டும் வந்தா அதான். ரவுட்டருக்குள்ள யாரோ போய் டிஎன்எஸ் செட்டிங்க (எந்த சைட் எங்க இருக்குன்னு வழி காட்டறது) மாத்தியிருப்பாங்க, அட்மின் பாஸ்வேர்டு கம்பெனி குடுத்ததே இருந்தா இது சுலபம். ரவுட்டருக்கு அடில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல அட்ரஸ் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி, அதுல போய் டிஎன்எஸ்ஸ ஆட்டோமேட்டிக் ஆக்கிட்டு அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க. ரவுட்டர்ல இருக்கற சின்ன ஓட்டைல ஊசிய விட்டு ரீசெட் பண்றதுதான் எல்லாரும் சொல்ற வழி, ஆனா மலைல அத யோசிச்சுப் பண்ணுங்க, ஃபைபர் லைனா இருந்தா அதுல போட்டிருக்கற யூசர் நேம், பாஸ்வேர்டும் சேந்து அழிஞ்சுரும், காத்துல மரம் விழுந்து கேபிள் அறுந்து கெடக்கற நேரத்துல லைன்மேன் உங்க வீட்டுக்கு எப்ப வருவாரோ. மொதல்ல அந்தப் பக்கத்த போட்டோ எடுத்துக்குங்க, லைன் குடுத்தவங்ககிட்ட டீடெய்ல் வாங்கி வெச்சுட்டு அப்புறம் ரீசெட்.

ஊட்டிலயோ கோத்தகிரிலயோ லாட்ஜ் வைஃபைல சேந்ததும் ரூம் நம்பர் கேட்டு ஒரு பக்கம் தானா வருதே, அது அவங்க லாகின் பக்கம், பயப்படாதீங்க. அதுல கார்டு நம்பர் கேட்டா மட்டும் குடுக்காதீங்க.

வேணுங்கற பாப்-அப் வர மாட்டேங்குது

இது தலைகீழ் கேஸ். சர்டிபிகேட் பிரிண்ட் அமுக்கினா ஒண்ணும் வரல, பணம் கட்ற பக்கம் தொறக்கல. குரோம் தானாவே பாப்-அப்ப தடுத்துத்தான் வெச்சிருக்கும். அட்ரஸ் பார்ல வலது ஓரமா சின்னதா ஒரு ஜன்னல் படத்துல செவப்பு குறி இருக்கும், அத அமுக்கி அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் அனுமதி குடுங்க. மொத்த பாப்-அப் தடுப்பையும் தொறந்து விட்டுட்டு அப்படியே மறந்துட்டவங்கதான் அடுத்த வாரம் மேல சொன்ன ஏதோ ஒரு தொல்லையோட வந்து நிக்கறாங்க. டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் போடறவங்களும் கவனிங்க, 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேணும்னு ஆயிருக்கு, கெஸ்ட் எல்லாம் கூகுள்ல தேடி மொதல்ல வர்றத அமுக்கறாங்க. அரசாங்கத்தோட இ-பாஸ் சைட் அட்ரஸ்ஸ நீங்களே சரி பாத்து டைப் பண்ணி லிங்கா அனுப்பி விடுங்க.

எல்லாம் பண்ணியாச்சு, மறுபடி வருது

எடுத்த எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்தா சிங்க் (ஒரே அக்கவுண்ட் இருக்கற எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி ஆக்கறது) காரணமா இருக்கலாம். ஒரே கூகுள் அக்கவுண்ட் வீட்டு லேப்டாப், கடை கம்ப்யூட்டர் ரெண்டுலயும் இருந்தா இங்க எடுக்கறது அங்க இருந்து திரும்பி வரும், ஃபார்மட் போட்டும் வர்றது இதனாலதான். ரெண்டு மெஷின்லயும் சிங்க நிறுத்திட்டு, ரெண்டுலயும் எடுத்துட்டு, அப்புறம் சிங்க போடுங்க. குரோம் மெனுல கீழ "உங்க நிறுவனம் நிர்வகிக்குது"ன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி வந்து, அது ஆபீஸ் மெஷினே இல்லன்னா ஏதோ ஒரு ப்ரோக்ராம் பாலிசி (ஆபீஸ் மெஷின்ல போடற கட்டுப்பாடு) போட்டு செட்டிங்ஸ பூட்டி வெச்சிருக்கு, விண்டோஸ்ல இன்ஸ்டால்டு ஆப்ஸ தேதி வாரியா அடுக்கி, தொல்லை ஆரம்பிச்ச நாளுக்கு பக்கத்துல வந்தது எதுன்னு பாத்து எடுங்க.

அதுக்கப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டில வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடியே தேடும், நடுவுல கரண்ட் போகாத நேரமா பாத்து சார்ஜர் போட்டுட்டு ஓட்டுங்க. பழைய வீடியோல குரோமுக்குள்ளயே கிளீனப் டூல் இருக்குன்னு சொல்வாங்க, அத கூகுள் 2023ல எடுத்துருச்சு, தேடி நேரத்த வீணாக்காதீங்க. இருக்கறது ரீசெட் செட்டிங்ஸ்தான், அது எக்ஸ்டென்ஷன எல்லாம் ஆஃப் பண்ணும், லாகின ஞாபகம் வெச்சிருக்கற குக்கிய அழிக்கும், புக்மார்க்கும் சேவ் பண்ண பாஸ்வேர்டும் அப்படியே இருக்கும், ஆனா எல்லா சைட்லயும் மறுபடி லாகின் பண்ண வேண்டி வரும், அதனால மெயிலுக்கு ஓடிபி வர்ற போன் கைல இருக்கறப்ப பண்ணுங்க.